விசையில் ஒரு சுவர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பேருந்தில். முன் இருக்கையில் ஒரு பெண் செல்பேசியில் சொன்னாள்: “என் கைதான் போச்சுன்னு நெனச்சேன். கடைசில பாத்தா துப்பாக்கில ஒரு திருகாணி.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், பாரத்தை இறக்கி வைத்தவர்கள் சிரிக்கிற மாதிரி. கீழ்வேளூரில் இறங்கிப் போய்விட்டாள். மற்றதெல்லாம் நான் கட்டியது. எனக்கு முகங்கள் பிறகுதான் வரும். முதலில் பேச்சுதான் கேட்கும்.

2

வயல்கள் பச்சைப் பட்டு உடுத்தியிருந்த ஒரு காலையில் வானதி தன் துப்பாக்கியை

வேண்டாம். பட்டும் வேண்டாம், காலையும் வேண்டாம். வானதி தஞ்சாவூரில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் நிற்கிறாள், அது போதும். ஏர் ரைஃபிள். பத்து மீட்டரில் அட்டை. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு. ஆனால் கொஞ்ச நாளாகக் குறி நிலைக்கும் முன்பே குண்டு போய்விடுகிறது. அவள் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் கை நடுக்கம் தொடங்கியது. (அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் நேற்றுதான் சொன்னாள்.)

“போதும் பாத்திமா. இனிமே இத நீயே வச்சுக்க.”

“உன் உயரத்துக்குச் செஞ்ச கட்டைய வச்சு நான் என்ன, அடுப்பா எரிக்கிறது? குடு இங்க.”

கூடப் பயிற்சி செய்கிற பாத்திமா அதை வாங்கி, குண்டு போடாமல் விசையில் விரல் வைத்தாள். வைத்ததும் ‘டிக்’கென்றது.

“ஏண்டி, இதுல சுவரு எங்க?”

3

சுவர் என்றால் என்னவென்று நானும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த விசைக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் விரல் லேசாகப் பின்னால் போகும், ஒன்றும் நடக்காது. பிறகு ஓரிடத்தில் தடுக்கும். அதுதான் சுவர். அங்கே நின்று, மூச்சை அடக்கி, குறி நிலைத்ததும் இன்னும் ஒரு பொட்டு அழுத்தம். பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிவதுபோல் பட்டென்று விடும்.

(வெண்டைக்காய் என்னுடையது. பாத்திமா கேட்டால் சிரிப்பாள்.)

முதல் கட்டத்தையே எடுத்துவிட்டால்? சுவரைத் தேடிப் போகிற விரல் தேடும்போதே சுட்டுவிடும்.

4

திருகியது யார்? முதலில் எழுதிய படியில் போட்டிக்கு வருகிற இன்னொருத்தியை வைத்தேன். அவள் வாயே திறக்கவில்லை. அவளை அடித்து நீக்கிவிட்டேன். அப்புறம் வானதியின் கணவன் புகழேந்தி தானாகப் பேசினான். அறுப்பு மெஷின் ஓட்டுகிறவன்.

“நான்தான். தொடச்சு வைக்கறப்ப பாத்தேன், ட்ரிக்கர் லொடலொடன்னு ஆடுச்சு. ப்ளே இருக்கேன்னு ஆலன் கீயப் போட்டுத் திருகாணியத் திருகி அந்த ஆட்டத்த எடுத்துட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“கிளட்ச் ஆடுனா உங்கிட்ட சொல்லிட்டா டைட் பண்றேன்?”

இங்கே ஒரு சண்டை எழுதினேன், நல்ல சண்டை. வானதி அதைப் பேச மறுத்துவிட்டாள். மெஷினின் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“என் கை நல்லாத்தான் இருக்குங்க.”

“ஏன், உன் கைக்கு என்ன?”

அவள் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

5

ஞாயிற்றுக்கிழமையை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் தேர்வானாள். மற்றொன்றில் ஒரு புள்ளியில் போனது. இரண்டிலும் வெளியே வந்ததும் அவள் போனில் முதலில் சொன்னது ஒன்றேதான்: “கை ஆடலைங்க.” ஆகவே புள்ளிகளை உங்களிடம் விட்டுவிடுகிறேன், பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு வேண்டும்.

வானதி திருகாணியைக் கால் சுற்று திருப்புகிறாள், விரல் வைத்துப் பார்க்கிறாள், இன்னும் ஒரு கால். ஓரிடத்தில் அவள் தோள் தளர்கிறது. குண்டில்லாத துப்பாக்கியைக் களத்துச் சுவரை நோக்கிப் பிடித்து, புகழேந்தியின் விரலை விசையில் வைக்கிறாள்.

“மெதுவா வாங்க.”

“வருது... வருது... இடிக்குதே.”

“அதாங்க. நான் நிக்கிற எடம் அதுதான்.”

அவன் அங்கேயே நின்றான். எண்ணெய்க்கறை ஏறிய அந்தப் பெரிய விரல் துளியும் அசையவில்லை.

“அமுக்கவா?”

“இருங்க. அவசரம் இல்ல.”