தூர்ந்துபோன எல்லை

“தீவுல நம்மாளுங்க நட்ட கழியெல்லாம் பிடுங்கச் சொல்லுங்க, மாமா.”

விகாரை மண்டபத்தில் ஊர்க்கூட்டத்தின் நடுவே புவாலாய் எழுந்து நின்று கேட்டாள். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளிடம் அம்மா தோங்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

மீகாங் ஆறு வற்றும்போது ஈரமண் வெளியே வரும். யார் முதலில் மூங்கில் கழி நட்டுத் துணி கட்டுகிறார்களோ, அந்தப் பருவத்துக்கு மண் அவர்களுடையது. தாய்லாந்துக்காரர்களான இந்த ஊரார் இக்கரையில் நடுவார்கள், லாவோஸ்காரர்கள் தீவில். இடையில் ஓடிய ஓடையைத்தான் அன்று லாவோஸை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் தாய்லாந்தை ஆண்ட சயாம் ராஜாவும் எல்லை என்று எழுதிவைத்தார்கள். மேலே அணைகள் வந்தபின் ஓடையில் மணல் அடித்துத் தூர்ந்துவிட்டது. இந்த வருஷம் இந்தப் பக்கத்தார் செருப்பு நனையாமல் தீவுக்கு நடந்தார்கள். அக்கரையிலிருந்து படகு வருவதற்குள் தீவு முழுக்கக் கழி. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட புவாலாயின் பெரியம்மா கம்பெங்குக்குத் தீவில் இருந்த பூண்டுப் பாத்தியை விட்டால் வேறு மண் கிடையாது.

ஊர்த்தலைவர் சவாட் சிரித்தார். “முந்தி நட்டவனுக்கு மண்ணு. அதாம்மா வழக்கம்.”

“நம்ம கரைக்கு வழக்கம். ஓடை தூர்ந்தாலும் எல்லை அங்கேயேதான். ஒப்பந்தத்துல இருக்கு.”

“கேட்டீங்களா! ஊர்ல முதல் பட்டம் வாங்கினவ, ஆத்துக்கே பாடம் எடுக்கறா.”

“ஆறு ஒழுங்காத்தான் இருக்கு மாமா. உங்களுக்குத்தான் எடுக்கணும்.”

தோங்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாயை மூடுடி. நம்ம கழியும் அங்கதான் இருக்கு.”

“அதானே!” என்றார் சவாட். “முதல்ல உங்க வீட்டுக் கழியைப் பிடுங்கு. அப்புறம் ஊரைக் கேளு.”

“விடியக்காலையிலேயே பிடுங்கிட்டேன்.”

தோங்மாவின் பிடி விட்டுப்போனது. “அடிப்பாவி! எரு போட்ட மண்ணுடி!”

“யாரு மண்ணுக்கு யாரும்மா எரு போட்டது?”

பின்வரிசையிலிருந்து ஒருத்தர் குரல் கொடுத்தார். “அப்ப அந்த இடம் காலியா? நான் நட்டுக்கவா?”

மண்டபமே சிரித்தது. புவாலாய் சிரிக்கவில்லை.

“தாராளமா நடுங்க. பெரியம்மா அங்க பூண்டு ஊணிக்கிட்டிருக்கா. அவளைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு நடுங்க. நானும் அங்கதான் இருப்பேன், என்னையும் சேர்த்துத் தூக்கணும்.”

“வீட்டுக்கு வராத அப்புறம்,” என்றாள் தோங்மா.

“தெரியும்மா. துணிமணி எடுத்துட்டேன்.”

படியிறங்கி, குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் நடந்தாள்.