மதிலுக்கு வெளியே ஒரு சொற்பொழிவு

மாரியாயி அன்றைக்குக் களை வெட்டப் போகவில்லை. பண்ணையக்காரர் அப்புசாமி ஆள்விட்டுக் கூப்பிட்டும், "வர முடியாதுன்னு சொல்லு போ. இன்னிக்கு என்ற தம்பி மேடையேறிப் பேசுறான்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எத்தனை வருசமாகக் காத்துக் கிடந்தாள் என்று யாருக்குத் தெரியும்? ஆத்தாளும் அப்பனும் போன பிறகு, களைக்கொத்தும் கையுமாகக் கிடந்து, குச்சிக்கிழங்குக் காட்டில் முதுகு வெந்து, தம்பி தங்கமுத்துவை எம்.ஏ. வரைக்கும் படிக்க வைத்தவள் அவள். ஊர்ச் சேரியான கீழவளவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான்.

தங்கமுத்துவுக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு மையம் அங்கே வாடகை வீட்டில் நடந்தது. அதில் அவன் ஆய்வு உதவியாளன். வேலை நிரந்தரமில்லை, வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். "ஆப்பிரிக்காவுக்கும் அஸ்தம்பட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கிண்டலடித்தவர்கள்கூட மாசாந்திரப் பொதுக்கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு மாதம் காங்கோ, ஒரு மாதம் கானா. பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். கேள்வி கேட்காமல் கூட்டத்தைக் கலைக்கவே மாட்டார் மையத்தின் தலைவர், பேராசிரியர் சென்னியப்பன். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அதற்கப்புறம் சுண்டல், டீ.

மாரியாயி ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். சேலத்தில் படிக்கிற ஆப்பிரிக்கப் பையன்கள் எல்லாரும் கூடிச் சமைத்த நாள் அது. கென்யாக்காரன் ஒமோண்டி மக்காச்சோள மாவில் களி கிண்டி அவள் தட்டில் வைத்து, "சாப்புடுங்க அக்கா" என்றான். ஒரே ஜமுக்காளத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? பேராசிரியர் சென்னியப்பனேதான்! அவளுடைய ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை, அப்புசாமியின் தம்பி மகன். இன்னொரு கரண்டி களி கேட்டு வாங்கித் தின்றாள், சந்தோசத்தில்.

அந்தப் புண்ணியவான்தான் இந்த வருசம் புதுசாக ஒரு யோசனை செய்தார். கூட்டத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோவதாம். எந்தக் கிராமம்? சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய சொந்த ஊர்தான். தலைப்பு, தென்னாப்பிரிக்காவின் நிற ஒதுக்கல். பேசுகிறவர் தங்கமுத்து எம்.ஏ. சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள், 'அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில். கூட்டத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வேறு வருகிறார் என்று சேதி.

சாயங்காலம் கீழவளவே கிளம்பிவிட்டது. மாரியாயி இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கூட்டம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். கீழவளவுக்காரர்கள் அந்த மதிலைத் தாண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூட்டம் போடுகிறது பல்கலைக்கழகம், கூப்பிட்டது படித்த மனுசன், கூடவே உட்கார்ந்து களி தின்ற மனுசன். நம்பிவிட்டாள் பாவி.

மதில் வாசலிலேயே தங்கமுத்து நின்றுகொண்டிருந்தான். எதிரே பேராசிரியர். அஸ்தம்பட்டியில் தோள்மேல் கைபோட்டுப் பேசுகிறவர், இங்கே நாலடி தள்ளி நின்று பேசினார்.

"தங்கமுத்து, ஒண்ணும் தப்பா நெனைச்சுக்காதீங்க. பெரியப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு. கோயில் மண்டபமாப் போச்சு பாருங்க. மைக்செட் ராசுகிட்டச் சொல்லிப்போட்டேன், மைக் வயரு நல்ல நீளம். இந்தப் புளியமரத்தடியில நின்னு பேசுங்க. உள்ளார நாலு பாக்ஸ் வெச்சிருக்குது, ஒரு எழுத்து வுடாமக் கேக்கும். உங்க பேச்சுக்கு ஒரு கொறையும் வராது."

கேட்டீர்களா நியாயத்தை! ஆளை வெளியே நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் உள்ளே கூட்டிப்போகிறார்களாம். அதையும் என்னவோ பெரிய உபகாரம் செய்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார் அந்த ஆள்.

"வாடா ஊட்டுக்குப் போலாம்" என்றாள் மாரியாயி.

"இருக்கா. இன்னம் ரெண்டு மாசத்துல வேலையப் புதுப்பிக்கோணும். பேசிப்போட்டு வந்தர்றேன்" என்றான் தங்கமுத்து. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள்.

உள்ளே மேடையில், விருந்தாளியாக வந்திருந்த ஒமோண்டிக்கு மாலை போட்டு, தலையில் உருமால் கட்டினார் அப்புசாமி. மதிலுக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. கடல் தாண்டி வந்தவன், என்ன சாதி, என்ன குலம் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு நடு நாற்காலி. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணுக்கே களை வெட்டியவர்களின் பிள்ளைக்குப் புளியமரம். ஒமோண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தங்கமுத்து எங்க? ஏன் மேல வரல?" என்று கேட்டது மேடையிலிருந்த இன்னொரு மைக் வழியாக ஒலிபெருக்கியிலேயே கேட்டது.

"அவருக்குக் காத்தோட்டமா நின்னு பேசினாத்தான் பேச்சு வருமாம்" என்றார் பேராசிரியர். கூசாமல் சொன்னார்!

தங்கமுத்து பேசினான். நன்றாகவே பேசினான். அந்த நாட்டில் வெள்ளையருக்கு ஒரு பெஞ்சு, கறுப்பருக்கு வேறு பெஞ்சு. பஸ் வேறு, பள்ளிக்கூடம் வேறு, கடற்கரைகூட வேறு. சொந்த நாட்டில் நடமாடக் கறுப்பர்கள் கையில் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மண்டபத்துக்குள்ளிருந்து 'இச் இச்' என்று நாக்கைத் தட்டும் சத்தம் வந்தது.

"அடப் பாவத்தே!" என்றது ஒரு பெண்குரல்.

"இதென்னப்பா அக்குருமம்! அவனுகளும் மனுசங்கதானே?" இது அப்புசாமியின் குரல். மேடை மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஊருக்கே கேட்டது. ஊருக்குத்தானே உபதேசம்!

பேச்சு முடிந்தது. கைதட்டல் அடங்கியதும் பேராசிரியர் எழுந்தார். முன்வரிசையில் மெட்ராஸ் அதிகாரி இருந்த தெம்பில் குரல் கணீரென்று வந்தது. "எங்க மையத்துல கேள்வி கேக்காம யாரும் எந்திரிக்கக் கூடாது. பயப்படாமக் கேளுங்க. பொம்பளைங்க கேக்கோணும். வெளிய நிக்கறவங்களும் கேக்கலாம். எல்லாருக்கும் உரிமை உண்டு!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மாரியாயி தம்பி கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள். அவன் "அக்கா, வேண்டாம்" என்பதற்குள் அவள் குரல் நாலு பெட்டியிலும் மண்டபத்துக்குள் போய் இறங்கிவிட்டது.

"ஏனுங், எனக்கு ஒரு சந்தேகமுங்க. அந்தத் தேசத்துல ஒரு கறுப்பு ஆளு எம்.ஏ. படிச்சுப்போட்டு, சொந்த ஊருலயே பேச வந்தான்னு வெச்சுக்கங்க. அவனை எங்க நிக்க வெச்சுப் பேசச் சொல்லுவாங்க?"

'இச்' கொட்டிய வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. மாரியாயி மைக்கைத் தம்பியிடம் நீட்டினாள். பதில் சொல்ல வேண்டியவன் அவன்தானே! வேலை, சம்பளம், அஸ்தம்பட்டி அறை எல்லாம் அவன் கண்ணில் ஓடியது அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் போய்விடுவானோ என்று ஒரு கணம் அவள் பயந்தாள்.

"இங்கதான் அக்கா" என்றான் தங்கமுத்து. "கோயில் மதிலுக்கு வெளிய, புளியமரத்தடியில நிக்க வெப்பாங்க. உள்ள இருக்கறவங்க அந்தத் தேசத்து அக்கிரமத்தைக் கேட்டு உச்சுக் கொட்டுவாங்க."

"டேய் ராசு, அமத்துடா அதை!" என்று அப்புசாமி கத்தினார். மைக் செத்துப்போனது. மேடையில் ஒமோண்டி எழுந்து உருமாலை அவிழ்த்து நாற்காலியில் வைத்தான். மெட்ராஸ் அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"என்ற மானத்தை வாங்கிப்போட்டீங்களே தங்கமுத்து! வெளியூரு ஆளுங்க முன்னால! நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்? அஸ்தம்பட்டியில வித்தியாசம் பாத்தனா?"

"அஸ்தம்பட்டி உங்களுக்கு வெளியூருங்க சார்" என்றான் தங்கமுத்து.

பேராசிரியருக்கு மூச்சு வாங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, போவுது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவுல. மேடைக்கு வந்து, பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுப்போடுங்க. வேலைக்கு நான் பொறுப்பு."

மாரியாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்கறதுக்குன்னா மேடைக்கு வரலாங்களா, சாமி?"

பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? எத்தனையோ நாட்டுச் சரித்திரம் படித்த அந்த மனுசன், திரும்பி, மண்டபத்துப் படியில் நின்ற பெரியப்பனின் முகத்தைப் பார்த்தார். உத்தரவுக்கு.

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "உள்ளார எதுக்கு? அங்கயே நின்னு கேக்கச் சொல்லு. மைக்கைப் போடுறா ராசு."

ஒலிபெருக்கி கீச்சென்று கத்திவிட்டு மறுபடி உயிர் பெற்றது. மண்டபம் முழுக்கத் திரும்பி மதிலையே பார்த்தது. மாரியாயி மைக்கைத் தங்கமுத்துவிடமிருந்து மெதுவாக எடுத்து, மதிலுக்கு மேலாக உள்பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க சாமி, புடிங்க. மன்னிப்பை உள்ளார இருக்கறவங்களே கேளுங்க. நாங்க இங்க நின்னு கேட்டுக்கறோம்."