மாற்றம் எதுவும் இல்லை

அந்தக் கம்பெனியில் முதலாளியான அவளையும் சேர்த்து மொத்தமே ஐந்து பேர். கூடப் பிறந்த தம்பி அக்கா, அக்கா என்று கூப்பிட்டதில் மற்ற மூன்று பேருக்கும் அவள் அக்காவாகவே ஆகிவிட்டாள். போர்டுகளில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற, அவளைவிடப் பத்து வயது மூத்த சால்டரிங்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஈயம். "ஈயம்னு கூப்பிடுங்க, பரவாயில்லை. சுருக்கி ஈன்னு மட்டும் கூப்பிட்டுடாதீங்க" என்பார்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அங்கே அவர்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. பள்ளிப் பேருந்தில் ஏறுகிற பிள்ளைகளை அது எண்ணும். யாராவது ஒரு பிள்ளை இறங்காமல் தூங்கிப்போனால் டிரைவர் காதில் மணியடிக்கும். மென்பொருள் தம்பியுடையது. சர்க்யூட் போர்டுகள் ஈயத்தின் கைவேலை. பேருந்தில் கொண்டுபோய்ப் பொருத்துவதற்கு ஒரு பையன், கணக்குக்கு ஒரு பெண். பதினோரு பள்ளிகளைப் பிடித்து, பன்னிரண்டாவதோடு பேசிக்கொண்டிருந்தபோது தொற்று வந்தது. பள்ளிகளை மூடினார்கள். பேருந்துகள் வரிசையாக நின்று தூசி பிடித்தன.

மூன்று மாதம் அரைச் சம்பளத்தில் ஓட்டினார்கள். அவளுடைய சேமிப்பு கரைந்தது. அப்போதுதான் அரசாங்கம் அந்த அவசரக் கடனை அறிவித்தது. கொடுப்பது வங்கி, திரும்பி வராவிட்டால் பெரும்பங்குக்கு அரசாங்கம் பொறுப்பு. தொடங்கி ஐந்து வருடம் ஆகாத கம்பெனியாக இருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் ஐந்து பேராவது இருக்க வேண்டும், பணம் கைக்கு வருகிற நாளன்றும் அந்த ஐந்து பேர் வேலையில் இருக்க வேண்டும்.

"நல்லவேளை, நாலு பேரோட நிறுத்தாம விட்டோம்" என்று தம்பி சிரித்தான். அந்த வருடத்தில் அவன் சிரித்து அவள் பார்த்தது அநேகமாக அன்றைக்குத்தான்.

விண்ணப்பத்தோடு ஆறு வாரம் மல்லுக்கட்டினாள். கேட்ட காகிதத்தையே மறுபடி கேட்டார்கள். வங்கியின் கடன் பிரிவு அதிகாரி வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அவர் பேசும்போது பின்னால் குழந்தைகள் சண்டை போடுவது கேட்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விளக்கம் சொல்வார். ஒரு வழியாகக் கடன் தேறியது. அடுத்த திங்கட்கிழமை ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் செவ்வாய்க்கிழமை பணம் வந்துவிடும் என்றார்.

அதே வாரம் வியாழக்கிழமை ஈயம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவியை வெளிக் கதவுக்கு அந்தப்பக்கமே நிறுத்திவிட்டார்கள். உடலைச் சுற்றிக் கட்டி வண்டியில் ஏற்றியதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அக்காவுக்குச் செய்தி போனில்தான் வந்தது. அவர் உட்காருகிற இடத்துக்குப் போய் நின்றாள். மேசையில் அவர் பாதி முடித்த போர்டு கிளிப்பில் மாட்டியபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான்.

"செவ்வாய்க்கிழமை தாண்டிட்டா போதும்க்கா. அப்புறம் சொல்லிக்கலாம்."

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கணக்குப் பெண்ணின் வீட்டில் வேறு யாருக்கும் வருமானமில்லை. பொருத்துகிற பையனுக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. ஈயத்துக்கே கம்பெனி தரவேண்டிய சம்பளம் கிடந்தது.

திங்கட்கிழமை அதிகாரி கூப்பிட்டு, ஐந்து பேரும் இருக்கிறார்கள்தானே என்று கேட்டார். "இருக்காங்க சார்" என்றாள். பட்டியலில் மாற்றம் எதுவும் இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பணம் வந்தது. முதல் வேலையாக ஈயத்தின் பாக்கிச் சம்பளத்தை அவர் மனைவிக்கு அனுப்பினாள். மனம் கொஞ்சமும் லேசாகவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மாளே மாடியேறி வந்தாள், முகக்கவசமும் கையில் ஒரு படிவமுமாக. வேலையில் இருக்கும்போது தொற்றில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை உண்டாம். கடைசித் தேதி நெருங்குகிறது. எந்த நாள்வரை வேலையில் இருந்தார், எந்த நாள் இறந்தார் என்று முதலாளி எழுதித் தர வேண்டும்.

"நீங்க எழுதிக் குடுத்தா போதும்னு சொன்னாங்க அக்கா. சின்னவளுக்கு இன்னும் எதுவும் புரியலை. அப்பா எப்போ வேலை முடிஞ்சு வருவார்னு கேட்டுட்டே இருக்கா."

தம்பி உள்ளறையிலிருந்து தலையை நீட்டி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். இரண்டு துறையும் ஒரே அரசாங்கம். கடனுக்குக் கொடுத்த உறுதிமொழியும் இந்தத் தேதியும் ஒரே கணினியில் போய் உட்காரும். அதற்காகப் பொய்த் தேதி போட்டால் மரணச் சான்றிதழோடு இடிக்கும், இந்த அம்மாளுக்குக் கிடைக்க வேண்டியதும் போகும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளது உள்ளபடி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோங்க அண்ணி. நகல் ரெண்டு எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மாள் படியிறங்கியதும், துறையிலிருந்து கேள்வி வரும்வரை காத்திராமல், அதிகாரியைத் தானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். எதிர்முனையில் குழந்தைகள் சத்தம்கூட இல்லை. எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பார் போல.

"இறந்துபோனா அதுக்குன்னு தனி விதி இருக்கும்மா" என்றார் அவர். "வேற ஆள் எடுக்க முப்பது நாள் குடுப்பாங்க. எத்தனை கம்பெனிக்கு எழுதி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

அவள் உறுதிமொழியின் நகலை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இப்போ பொய் உறுதிமொழின்னு ஆயிடுச்சு. இனி என் கையில ஒண்ணும் இல்லைம்மா."

செலவாகாமல் கிடந்த பணத்தை மூன்றாம் நாள் முடக்கினார்கள். சம்பளமாகப் போனதைத் தவணையில் கட்டச் சொன்னார்கள், அவளுடைய பெயரில். வழக்குப் போடாமல் விட்டதற்கு அந்த அதிகாரி எழுதிய குறிப்புதான் காரணம் என்று பிறகு கேள்விப்பட்டாள். மாதக் கடைசியில் இரண்டு அறையையும் காலி செய்தார்கள். மீந்த பெட்டிகளை வாங்க ஆளில்லை. தம்பி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனான். ஒரு வருடத்துக்குப் பக்கமாக அப்படியே இருந்தான். அவள் ஒரு மருந்துக் கிடங்கில் சரக்கு எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

ஐந்து மாதம் கழித்து, கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில் ஈயத்தின் மனைவி போன் செய்தாள். உதவித்தொகை வந்துவிட்டது, சின்னவளுக்குச் செலவில்லாமல் படிக்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். குரலில் தெம்பு இருந்தது. பிறகு, கம்பெனி எப்படிப் போகிறது என்று விசாரித்தாள்.

"மூடியாச்சு அண்ணி."

"ஐயோ, ஏன்?"

"பஸ்ஸே ஓடலையே" என்றாள் அக்கா.

இடைவேளை முடிந்து சங்கு ஊதினார்கள். இன்னொரு நாள் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.