சுவரில் தொலைந்த ஒட்டு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. நாற்காலியை வெயில் படாத பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தான் கட்டிய சுவரைத் தானே தேடித் திண்டாடிய ஒரு கொத்தனாரின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அவனுக்கு அன்று சிரிக்கத் தெம்பில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஆகஸ்ட் மாதம். ரோமில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. பதினைந்தாம் தேதி மாதா திருநாள். அதற்குள் கடலுக்கோ மலைக்கோ போகாதவனை ஊர் பரிதாபமாகப் பார்க்கும். நம் கொத்தனார் ஒட்டொரீனோவை மூன்று வருடமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடையிலும் பழங்கால ரோமின் சந்தைவெளியான ஃபோரத்தின் இடிபாடுகளில் ஏதாவது ஒரு சுவர் அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த முறை அவன் மனைவி இனேஸ் காத்திருக்கவில்லை. லடிஸ்போலியில், கடலோரத்தில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"பதினாலாம் தேதி சாயங்கால ரயில்ல நீ இறங்கணும். இறங்கலைன்னா நான் ரோமுக்குத் திரும்பறதா இல்ல. அக்கா கூடவே இருந்துக்கறேன். நீ உன் செத்துப்போன ராஜாக்களோட குடித்தனம் பண்ணு."

கத்தியிருந்தால் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். அவள் மெதுவாகச் சொன்னாள்.

ஃபோரத்தில் சுவர் உதிர்ந்த இடத்தில் ஒட்டுப்போடுவதற்கு ஒரு முறை உண்டு. புதிதாக வைக்கிற செங்கல்லும் சாந்தும் பழைய சுவரைவிட ஒரு நகக்கனம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். எது பழையது, எது நம் காலத்தது என்று பின்னால் வருகிறவனுக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும். வீடு கட்டிப் பழகியவனுக்கு இது தலைகீழ் வேலை. ஒட்டு தெரியாமல் போடுவதுதானே அங்கே கெட்டிக்காரத்தனம்?

ஒட்டொரீனோவுக்கு முறை தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை, பழைய நீதிமண்டபத்தின் நீண்ட பின்சுவரில், வெயில் அவன் மண்டையைக் காய்ச்சி எடுத்துவிட்டது. சூளை மூடிவிட்டதால் புதுச் செங்கல் வரவில்லை. குளிர்கால மழையில் அதே சுவரிலிருந்து உதிர்ந்த கற்கள் காலடியில் கிடந்தன. அதன் பிள்ளைகள்தானே என்று அவற்றையே எடுத்து வைத்தான். ஓய்ந்த கை பழகிய வழியில் போயிற்று. சாந்தை மட்டமாக இழுத்தது, ஈரத்தின்மேல் ஒரு பிடி புழுதியையும் வீசியது. வீட்டுக்காரர்கள் முணுமுணுக்காமல் இருக்க அவன் அப்பா செய்யும் வித்தை அது. அவன் சாமான்களைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

திங்கட்கிழமை, பதினாலாம் தேதி, மேற்பார்வைக்குத் தொல்லியல் துறையின் க்ளேலியா அம்மையார் வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் ஒட்டொரீனோ ரயிலேறலாம்.

"எங்கய்யா உன் வேலை?"

"இதோம்மா, செவுத்துல முளைச்ச அந்தக் கேப்பர் செடிக்குக் கீழ." கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. "செடி எங்க?"

இனேஸின் தம்பி சவேரியோதான் அவனுக்குக் கையாள், சனிக்கிழமை மட்டும் அவன் வேலைக்கு வரவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"புடுங்கிட்டேன் மச்சான். செவுத்துல ஒரு செடி இருக்கக் கூடாதுன்னு அம்மாதான சொன்னாங்க? காலைலயே முழுசா சிரைச்சாச்சு. அதோட மொட்டுங்களை ஊறுகாய்க்கு உப்புல போட்டு வச்சிருக்கேன், உனக்கும் ஒரு பாட்டில்."

"அடப்பாவி! அதுதாண்டா என் அடையாளம்."

"உன் வேலைக்கு அடையாளம் செடியா? நல்ல கொத்தன்!"

அம்மையார் சுவரோடு அந்தக் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சுவரின் படமும் இல்லை; படம் எடுக்க வேண்டியவர் வேலை தொடங்கும் முன்பே விடுமுறையில் போயிருந்தார்.

"அழகா செஞ்சிருக்க. அதான் தொல்லை. கண்டுபிடிச்சு உள்ள தள்ளி வை, கையெழுத்துப் போடறேன். நான் நிழல்ல இருக்கேன்." கைக்குட்டையை விரித்துப் பைன் மரத்தடியில் உட்கார்ந்தார். அவருக்கும் களைப்புதான்.

நனைந்தால் புதுச் சாந்து நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்று அவனும் சவேரியோவும் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து சுவரில் வீசினார்கள். சுவர் முழுவதும் ஒரே நிறமாகக் கறுத்தது. பிறகு ஒரே நிறமாகக் காய்ந்தது. ஒட்டொரீனோ நெற்றியைச் செங்கல்லில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

சவேரியோ அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மச்சான், ஏன் சாகற? ஏதாவது ஒரு இடத்துல செதுக்கிட்டு இதான்னு காட்டு. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது? உனக்கே தெரியல."

"பழசைச் செதுக்கறதா?"

"எங்கக்காவைத் தனியா விடறதுக்கு இது தேவல."

ஒட்டொரீனோ சுத்தியலை எடுத்தான். குத்துமதிப்பாக ஓர் இடத்தில் உளியை வைத்து அடித்தான். ணங்கென்று சத்தம் வந்தது. உளி துள்ளி அவன் மணிக்கட்டை உலுக்கியது. சாந்தில் பயறளவு சில்லு தெறித்தது, அவ்வளவுதான். இன்னொரு முறை ஓங்கினான். ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

சத்தம் கேட்டு அம்மையார் எழுந்து வந்தார். "இதுதானா?"

"இல்லம்மா. இது என்னோடது இல்ல. எவனோ ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி பூசினது. உங்களை ஏமாத்தப் பார்த்தேன்."

"இதான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே."

"தெரியும். ஆனா இரும்பா இருக்கு. இதைச் செதுக்கி முடிக்க விடிஞ்சிடும். பொய் சொல்லக்கூட உடம்புல வலு இல்லம்மா."

சொல்லிக்கொண்டே அந்தச் சில்லை விரலால் தடவினான். அப்போதுதான் உறைத்தது. இது இரும்பு என்றால், அவனுடையது இரண்டு நாள் பிள்ளை. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இன்னும் வெண்ணெய்தான்.

அம்மையாரிடம் கேட்டுக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு இணைப்பாக அழுத்திக்கொண்டே போனான். சவேரியோ மறுகோடியிலிருந்து வந்தான். நிழல் நீண்டது. நகம் பிளந்தது. கடைசியில், அங்கே இருக்கவே இருக்காது என்று அவன் சாதித்த மூலையில், நகம் பொசுக்கென்று உள்ளே இறங்கியது. ஒரு சின்ன மேசை அகலத்துக்கு அவன் ஒட்டு.

"செங்கல்லைப் பேர்க்காத. சாந்தை மட்டும் உள்ள இழு, சுத்தி ஒரு கோடு விடு," என்றார் அம்மையார். நல்ல வேலையைத் தன் கையாலேயே கெடுத்து முடித்து, கையெழுத்தும் வாங்கியபோது ரயில் போய்விட்டிருந்தது.

தெருமுனையில், காப்பி விற்கிற பாரில், டெலிபோனில் டோக்கன் போட்டு லடிஸ்போலிக்குக் கூப்பிட்டான். அந்த முனையிலும் ஒரு பார்தான்; அங்கிருந்து யாரோ ஓடிப்போய் இனேஸை அழைத்து வந்தார்கள்.

"எங்க இருக்க?"

"பார்ல."

"இந்த ஊர் பார்லயா?"

"இல்ல."

"இந்த வருஷம் என்ன செவுரு?"

ஒன்றுவிடாமல் சொன்னான். ஏமாற்றப் பார்த்ததையும் சொன்னான்.

"அப்ப அந்தப் பழைய சாந்து மெத்துனு இருந்திருந்தா, பொய் சொல்லிட்டு வந்திருப்ப?"

"வந்திருப்பேன்."

"போன வருஷம் மழைன்ன. அதுக்கு முந்தி அதிகாரி விடலைன்ன. இதுதான் நெசம் மாதிரி இருக்கு." அவள் பெருமூச்சு விட்டாளா சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "திருநாள் சமையல் கோழியும் குடமிளகாயும் நாளைக்கு மத்தியானம்தான். முதல் ரயில்ல வா. மத்ததை அப்புறம் பேசலாம், இந்த வெயில்ல எனக்கும் சண்டை போட முடியல."

காலையில் லடிஸ்போலி ஸ்டேஷனில் அவளே நின்றாள். அவன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வா, கடல்ல வை. எரியும், பொறுத்துக்க," என்றாள்.

செப்டம்பரில் இருவரும் ஒரே ரயிலில் ரோமுக்குத் திரும்பினார்கள்.

வெயில் தாழும்வரை போய்ப் படுங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர்கள் கெட்டியாக நிற்கட்டும். வேலைக்குப் போனவர்கள் சோறு ஆறுவதற்குள் வீடு வந்து சேரட்டும். தாமதமாக வந்தாலும், கதவைத் திறக்க உள்ளே ஒரு மனசு விழித்திருக்கட்டும்.