மாவு காத்திருக்காது

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் படிந்த நீரைச் சின்னவன் மறுபடியும் துடைத்தான். உள்ளே அண்ணன் கண்மூடிக் கிடந்தார். துடைத்து முடிப்பதற்குள் கண்ணாடி வியர்த்தது. துணியைப் பிழிந்தான். ஒரு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினான். பிறகு அதையே பழைய இடத்துக்கு இழுத்தான்.

"ஒரு இடத்துல உக்காருடா. பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்துது," என்றார் மாமா.

உட்கார்ந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

விடியற்காலையில் தன் பேக்கரியில் மாவு பிசைந்து, தொட்டியை ஈரத்துணியால் மூடிய நேரத்தில்தான் மனைவி போன் செய்தாள். குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அண்ணன் எழவேயில்லை. போட்டது போட்டபடி ஓடி வந்தான். இப்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. இந்த வெயிலில் மாவு பொங்கி, விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருக்கும்.

வேறு நாளாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பான். இன்று மாணவியர் விடுதிக்கு முதல் சரக்கு. கடை திறந்த ஒரு வருஷத்தில் அவனை நம்பிக் கேட்ட முதல் பெரிய இடம். அந்தச் சமையற்கூடத்தை மேற்பார்க்கும் அம்மாளிடம் நடையாய் நடந்து வாங்கிய வாய்ப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி போய்ச் சேர வேண்டும்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவன் ரொட்டி சுடப் போனதில் வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. மாமா கிறுக்கு என்றார். மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களெல்லாம் சொல்லிச் சலித்து ஓய்ந்துவிட்டார்கள். அண்ணன் ஓயவில்லை. ஞாயிறுதோறும் கடைக்கு வந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். "இதை வச்சு வீடே கட்டலாம்டா." அடுத்த வாரம் மெத்தென்று இருந்தால், "இதென்ன, முதுகு தேய்க்கிற ஸ்பாஞ்சா?" அவர் தலை மறைந்ததும் சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரின் அளவை மாற்றுவான். மறுநாள் இன்னும் சீக்கிரம் எழுந்து போவான். வருகிற ஞாயிறு பார்த்துக்கொள்கிறேன் என்று வாரத்தைத் தள்ளுவான்.

எழுந்தான்.

"எங்கே?" என்றார் மாமா.

"கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன் மாமா. மாவு காத்திருக்காது."

கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"கூடப்பிறந்தவன் கண்ணாடிக்குள்ள கிடக்கான். உனக்கு மாவு பெருசாப் போச்சா? ஈ ஓட்டற கடைக்கு இவ்வளவு அவசரமா?" என்றார் மாமா.

மனைவி அவன் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு வேண்டாங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். விஷயத்தைச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

புரிந்துகொள்வார்கள். வருத்தப்படுவார்கள். நாளை முதல் பழைய இடத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்.

அண்ணி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுக்கறதுக்குள்ள வந்துடுவீங்களா தம்பி?"

"வந்துடுவேன் அண்ணி."

"அப்ப போங்க."

"என்னம்மா, நீயுமா?" என்றார் மாமா.

"இங்க இருந்து என்ன பண்ணப் போறார்? துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடியே தேஞ்சுடும் போல இருக்கு." அவனைப் பார்த்துத் திரும்பினாள். "அவர் இருந்தா உங்களைத் திட்டித்தான் இருப்பார். உங்க ரொட்டி அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கல தம்பி. நான் பொய் சொல்ல மாட்டேன்."

சின்னவனுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. வந்தது சிரிப்பில்லை. வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினான்.

கடையைத் திறந்ததும் புளிப்பு மூக்கில் ஏறியது. மாவு துணியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, நடுவில் குழிந்து கிடந்தது. புதிதாகத் தொடங்க நேரமில்லை. பாதியை அள்ளிக் குப்பையில் போட்டான். மீதியில் புது மாவும் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து அடித்துப் பிசைந்தான். அச்சுகளில் நிரப்பிய பிறகு அது எழும்பக் காத்திருந்த நேரம்தான் கொடுமையாக இருந்தது. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தான். மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் இப்போது வரிசையாக வந்தன. தரையைக் கழுவினான். கழுவிய தரையையே மறுபடி கழுவினான்.

வெந்து வந்த ரொட்டிகள் தலை தட்டையாக, ஓரம் சற்றுக் கறுத்து இருந்தன. ஒன்றைக் கவிழ்த்துக் கட்டைவிரலால் அழுத்தினான். அமுங்கியது. மெல்ல எழுந்தது.

"இப்ப சொல்லுண்ணே," என்றான் சத்தமாக.

அணைத்த அடுப்பு சடசடவென்று குளிர்ந்துகொண்டிருந்தது. சின்னவன் மற்ற அச்சுகளை மடமடவென்று தட்டத் தொடங்கினான்.

விடுதியில் மேற்பார்வை அம்மாள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

"புளிப்புத் தூக்கலா இருக்கே."

"ஆமாங்க."

காரணம் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"சரி, இன்னைக்கு ஓட்டிக்கலாம். நாளைக்கு இப்படி இருக்கக் கூடாது."

"நாளைக்கா?"

"ஏன், நாளைக்குக் கடை கிடையாதா?"

அவன் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினான். "உண்டு," என்றான்.

வீட்டை அடைந்தபோது தெருவில் கூட்டம் நின்றிருந்தது. அண்ணனை மரப்பெட்டிக்கு மாற்றி, மூடி போட்டுத் திருகாணி முடுக்கியிருந்தார்கள். அண்ணி அவனைப் பார்த்தாள்.

மாமா அருகில் வந்தார். அவன் முழங்கை வரை மாவு காய்ந்திருந்ததைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "திறக்கச் சொல்லவா? ஒரு தடவை பார்த்துக்கிறியா?"

சின்னவன் வேண்டாம் என்று தலையாட்டினான். மாமா பெட்டியின் முன்பக்கத்து மூலையைக் காட்டி விலகி நின்றார்.

நால்வருமாகத் தோளுக்குத் தூக்கினார்கள். மற்ற மூவரும் நெடியவர்கள். பெட்டி அவன் பக்கம் சாய்ந்தது.

"சரியுது, சரியுது," என்று பின்னாலிருந்து யாரோ பதறினார்கள்.

அவன் குதிகால்களை உயர்த்தினான். பெட்டி சமமானது. தெருமுனை வரை அப்படியே நுனிக்காலில் நடந்தான்.