பன்னிரண்டு ரவுண்டு

நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது. லாரன்ஸ் அதை அணைத்தான். பல் விளக்கினான். பால் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றினான். இரண்டு டம்ளரில் டீ போட்டான், ஒன்றில் சீனி குறைவாக. டிராக் பேண்ட் மாட்டினான். கழுத்தில் விசில். பையில் ஸ்டாப்வாட்ச், தண்ணீர் பாட்டில், போன்.

மனைவி மரியசெல்வி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியேதான் தூங்கியிருந்தாள். வீசிங் வந்தால் அவளால் படுக்க முடியாது. ஆடிக் காற்று தொடங்கியதும் வருஷம் தவறாமல் வரும். தலையணை பக்கத்தில் இன்ஹேலர் கிடந்தது. சீனி குறைந்த டம்ளரை வாங்கி இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

வாசலில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"நான் வேணா இன்னைக்கு இருக்கட்டுமா?"

அவள் பதில் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். வண்டியை எடுத்தபோது மணி ஐந்து பத்து.

பாளையம்பட்டியிலிருந்து டவுனுக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம். அவன் அங்கே பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். பெண் பிள்ளைகளின் கோ-கோ அணி அவன் பொறுப்பு. காலை ஐந்தரைக்கு விசில். ஒரு நிமிஷம் பிந்தினாலும் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. காரணம் சொன்னால் பன்னிரண்டு. ஓடும்போது வாயைத் திறந்தால் இன்னும் இரண்டு கூடும். சாருக்கும் இதே சட்டம்தான். போன வருஷம் ஒருநாள் வண்டி பஞ்சராகி அவன் ஆறு நிமிஷம் பிந்திப் போனான். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, கைதட்டி எண்ணி, அவனைப் பத்து ரவுண்டும் ஓடவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அதைச் செல்வியிடம் நடித்தே காட்டினார்கள். செல்விக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர்கள் போன பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கோ-கோன்னாலே ஓட்டந்தான. அதையே தண்டனையாக் குடுத்தா, பிள்ளைக எப்படிங்க அத ஆசையா ஓடும்?"

"மாவட்டத்துல ஜெயிச்சோம்ல."

"ஜெயிச்சீங்க."

"அப்பறம் என்ன?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

செல்வியிடம் இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வந்த அன்றைக்குப் பதினொரு பேர் நேரத்துக்கு வந்திருந்தார்கள். ஐந்து நாற்பத்தொன்றுக்கு சௌடேஸ்வரி கேட்டுக்குள் ஓடி வந்தாள். எட்டாம் வகுப்பு. நெசவுக்காரத் தெருப் பிள்ளை. பாவாடையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

"தண்ணி வந்துச்சு சார், எங்க தெருவுக்கு. ஒம்போது நாள் கழிச்சு இன்னைக்குத்தான்..."

"பன்னெண்டு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். தண்ணித் தொட்டி மேல் இருந்த அவன் பைக்குப் பக்கத்தில் தன் பையை வைத்துவிட்டு, உடை மாற்றி வந்து ஓடத் தொடங்கினாள். அவன் மற்றவர்களை மைதானத்தின் மறுகோடிக்கு, கம்பம் நட்டிருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனான். காற்று புழுதியை வாரி அடித்தது. விசிலையே இரண்டு தடவை ஊத வேண்டியிருந்தது.

ஏழு மணிக்குப் பையைத் திறந்தான். மூன்று அழைப்புகள், மூன்றும் செல்வியுடையவை. ஐந்து ஐம்பத்தெட்டு. ஆறு. ஆறு மூன்று. திரும்பக் கூப்பிட்டான். எதிர்வீட்டு சண்முகவடிவு அக்கா எடுத்தது.

"தம்பி, வீட்டுக்கு வராதீக. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

செல்வியிடம் தைக்க ஜாக்கெட் துணி கொடுக்க வந்த அக்காதான் அவளை அடுப்படி வாசலில் பார்த்தது. இன்ஹேலர் கையில் இருந்ததாம். ஆட்டோவில் அக்காவின் மடியில்தான் போனாள். லாரன்ஸ் போய்ச் சேர்ந்தபோது முகம் வரை மூடியிருந்தார்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவன் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். காலையிலேயே திருச்சுழியிலிருந்து மாமியார் வந்துவிட்டார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து மகளின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். முன்னால் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா எம்மவ என்ன மாப்ள சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"ஒரு வார்த்தகூடவா?"

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "ஆட்டோவுல போகையில மாதாவேன்னு கூப்ட்டாளாம்ல" என்றாள். இன்னொருத்தி, "அம்மான்னு சொன்னதாத்தான் நான் கேள்விப்பட்டேன்" என்றாள். லாரன்ஸ் சண்முகவடிவு அக்காவைத் தேடினான். அக்கா கதவோரம் நின்று, அவனைப் பார்த்து இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டியது. ஆட்டோவில் ஏற்றும்போதே அவளுக்குப் பேச்சு இல்லை என்று நேற்றே அவனிடம் சொல்லியிருந்தது. மத்தியானத்துக்குள் 'மாதாவே' என்பதே நிலைத்துவிட்டது. கோயிலில் ஃபாதர் பிரசங்கத்திலும் அதைச் சொன்னார். மாமியார் அதைக் கேட்டு அழுதார். அந்த அழுகையில் ஒரு சின்ன நிம்மதி இருந்த மாதிரி அவனுக்குத் தோன்றியது. விட்டுவிட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் முதல் கைப்பிடி மண்ணை அவன் போட்டான். காற்றில் பாதி மண் அவன் சட்டைக்கே திரும்பி வந்தது. நிமிர்ந்தபோது பிள்ளைகளைப் பார்த்தான். பன்னிரண்டு பேரும் யூனிஃபார்மில், கேட்டுக்கு வெளியே உயர வரிசையில் நின்றார்கள். கேப்டன் தேவிபிரியா கையில் ஒரு மாலை. கேட் திறந்துதான் இருந்தது. ஒருத்தியும் உள்ளே வரவில்லை.

மண் மூடி, சிலுவை நட்டு, ஜனம் கலையும் வரை அப்படியே நின்றார்கள். அவன் அவர்களிடம் போனான்.

"ஏன் உள்ள வரல?"

தேவிபிரியா மாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"லேட்டாயிருச்சு சார். மாலக் கடையில லேட்டு."

அதுவே காரணம் சொன்னதாகிவிடும் என்று பட்டதோ என்னவோ, சட்டென்று உதட்டைக் கடித்தாள். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பிந்தி வந்தவர்கள் ஓடி முடிக்காமல் ஆடுகளக் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதுவும் அவன் சொன்னதுதான்.

"போய் வைங்க" என்றான்.

எல்லோரும் உள்ளே போனார்கள். சௌடேஸ்வரி மட்டும் நின்றாள்.

"சார்."

"ம்."

"போன் அடிச்சுச்சு சார். நேத்து. நான் ஓடையில."

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"தொட்டியத் தாண்டும்போதெல்லாம் கேட்டுச்சு. பேசுனா ரெண்டு கூடும்ல சார். ஏற்கெனவே பன்னெண்டு. அதான்..." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க அந்தக் கோடில இருந்தீங்க."

"எத்தனாவது ரவுண்டுல?"

ஏன் அதைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துச் சரியாகப் பதில் சொன்னாள்.

"ஆறு, ஏழு சார். அப்பறம் எட்டுல."

மாமியார் அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரி. பஸ்ஸு போயிரும், போ" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் அவள் நின்றாள் என்பது பஸ் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அடக்கத்துக்கு மறுநாள் சாயங்காலம் தேவிபிரியா அவள் அம்மாவின் போனிலிருந்து பேசினாள்.

"சௌடி கோ-கோ வேணாங்குறா சார். ஜெர்சியத் திருப்பிக் குடுத்துர்றேங்குறா. வீட்ல சாப்பிட மாட்டேங்குறாளாம். அவங்கம்மா எங்கம்மாகிட்ட வந்து கேட்டாங்க, சார் பிள்ளைய ஏதாச்சும் சொன்னாகளான்னு."

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் சார்" என்றாள் தேவிபிரியா.

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"காலைல வரச் சொல்லு. ஜெர்சியக் கொண்டுட்டே வரட்டும்."

அதற்கு மறுநாள் நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது. பல் விளக்கினான். பால் பாக்கெட்டை வெட்டினான். டீயை ஊற்றிய பிறகுதான் இரண்டு டம்ளர் வைத்திருப்பதைப் பார்த்தான். ஒன்றைக் குடித்தான். சீனி குறைந்ததன் மேல் ஆடை படிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தபோது ஐந்து இருபத்தைந்து ஆகியிருந்தது.

மைதானத்துக்குப் போனபோது ஐந்து நாற்பது. தேவிபிரியா மற்றவர்களுக்கு வார்ம்-அப் கொடுத்துக்கொண்டிருந்தாள். சௌடேஸ்வரி தண்ணித் தொட்டியோரம் நின்றாள். மடித்த ஜெர்சியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பாவாடை சட்டையில்தான் வந்திருந்தாள்.

அவன் தொட்டி மேல் பையை வைத்தான். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைமேல் போட்டான்.

"சார், வேணாம் சார்" என்றாள் தேவிபிரியா.

"நீ எண்ணு."

ஓடத் தொடங்கினான். கைதட்டல் இல்லை. தேவிபிரியா ஒன்று, இரண்டு என்று தனக்குள் சொல்வதுபோல எண்ணினாள். மூன்றாவதிலேயே அவனுக்கு மூச்சு இரைத்தது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுகோடியில் காற்று எதிரே வந்து நெஞ்சில் முட்டியது. அவன் கால் வைக்கும் சத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து பார்க்கத் தொட்டியும், அதன்மேல் பையும், பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையும் தெரிந்தன.

ஆறாவது ரவுண்டில் அவன் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான். சௌடேஸ்வரி பையைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி பையை. ஜெர்சி கீழே விழுந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"சார்! போனு! போன் அடிக்குது சார்!"

பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். அவன் ஓட்டப் பாதையை விட்டுவிட்டான். மைதானத்தின் நடுவே, கோட்டை மிதித்துக்கொண்டு குறுக்கே ஓடி வந்தான். அவன் வருவதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது.

சௌடேஸ்வரி பையைக் காட்டினாள்.

"நின்னுருச்சு சார்."

"இருக்கட்டும்." முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். அவள் முகத்துக்கு நேராக அவன் முகம் இருந்தது. "சௌடி. அன்னைக்கு நீ ரூல்படிதான் ஓடுன. அந்த ரூலப் போட்டவன் நான். தெரியுதா?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாய் விட்டு அழுதாள். தேவிபிரியா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழுகாத, ஏண்டி, அழுகாத" என்று சொல்லித் தானும் அழுதாள். யாரோ கீழே கிடந்த ஜெர்சியை எடுத்துப் புழுதியைத் தட்டினார்கள்.

போன் மறுபடி அடித்தது. திருச்சுழியிலிருந்து மாமியார்.

"மாப்ள, எந்திரிச்சிட்டீகளா? வீட்லதான் இருக்கீகளா?"

"கிரவுண்டுல இருக்கேன் அத்தை."

"ஏன் மூச்சு வாங்குது?"

"ஓடிக்கிட்டு இருந்தேன்."

மறுமுனையில் பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. அவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அத்தை, நீங்க கேட்டீங்கல்ல. அவ மாதாவேன்னு கூப்டல. அப்ப அவளுக்குப் பேச்சே இல்ல. காலைல நான் கெளம்பையில, இருக்கட்டுமான்னு கேட்டேன். அதுக்குச் சொன்னதுதான் கடைசி."

"என்ன சொன்னா?"

"'மணியப் பாருங்க, கெளம்புங்க. லேட்டானா நீங்களும்ல ஓடணும்.'"