மை காயாத தாள்

டாக்டர் கையை எடுத்துவிட்ட பிறகும் ஜெபகனி கணவனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கலாஸ், சிஸ்டர்" என்றார் அவர், முடிந்தது என்று அரபியில், தாழ்ந்த குரலில்.

அவள் நிறுத்தவில்லை. உடன் வேலை செய்யும் நர்ஸ் தாமரைதான் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நாடகத்துக்கென்று தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கத்தரித்துப் பிளந்திருந்தார்கள். செல்வசிங் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தார்.

குவைத்தில் ஏசி மெக்கானிக். ஆனால் போன ஒரு வருடமாக அவர் குடியிருந்ததெல்லாம் 1586இல்தான். தங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில், புன்னைக்காயலில், தமிழ் அச்சு ஓடிய வருடம் அது. ஈயத்தில் எழுத்து வார்த்தவன் எப்படி இருந்திருப்பான், முதல் தாளைப் பார்த்து அவன் பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று சோறு பிசையும்போதும் கேட்பார். அதையே நாடகமாக எழுதி, மகள் ரெஷ்மாவை அந்தப் பெண்டாட்டியாக நடிக்க வைத்தார். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும்போலத் தெரிகிறது, உடனே அட்மிட் ஆகுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, "நாடகம் முடியட்டும்" என்றார். இன்று டியூட்டிக்குக் கிளம்பும்போது ஜெபகனி கத்தினாள்: "அந்த எண்பத்தாறுலயே போயி இருந்துக்கோங்க. எங்களுக்கு எதுக்கு நீங்க?" அவர் சிரித்துக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் மாட்டினார்.

போன் அடித்தது. தமிழ்ச் சங்கச் செயலாளர் விஜின்.

"அக்கா, அண்ணனுக்கு எப்படி இருக்கு? நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தப்பகூட, நீங்க ஆரம்பிங்க, நா வந்துருதேன்னுதான் சொன்னாங்க. ரெஷ்மா மேடைல நிக்கா. பிரஷர் பாக்கப் போயிருக்காங்கன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கோம்."

ஜெபகனி கத்தரித்த சட்டையைக் கணவனின் நெஞ்சின்மேல் சேர்த்து மூடினாள்.

"அக்கா? நிப்பாட்டிரவா?"

"நான் வாரேன். அதுவரைக்கும் அவகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

தாமரை ஸ்ட்ரெச்சர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ போ. அவுக பக்கத்துலயே நான் இருக்கேன்."

நாடகம் நடக்கும் அப்பாசியா டாக்சியில் பக்கந்தான். ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. "ஜல்தி பாய், ஜல்தி" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட ஹால் முழுக்க ஆட்கள் இருப்பார்கள், ஆளுக்கொரு செல்போனோடு. அவளுக்கு முந்தி யாருடைய போனிலாவது செய்தி போய்விட்டால்? மேடையில் நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேராக எவராவது எழுந்து அழுதுவிட்டால்?

பின்வாசல் வழியாக நுழைந்தாள். திரைக்கயிற்றின் பக்கம் நின்ற விஜின் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் உதடு கோணிற்று. கை தானாகக் கயிற்றுக்குப் போனது.

ஜெபகனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி சீன்தான" என்றாள்.

மேடையில் ரெஷ்மா, எழுத்து வார்த்தவனின் பெண்டாட்டியாக, சேலை கட்டி நின்றாள். வலை காயப்போடும் கயிற்றில் அச்சடித்த தாளை மாட்டினாள். ஊர்க்காரர்களாக நடித்தவர்கள் நெருங்கி வந்தார்கள். அவள் பேச வேண்டிய இடம். பேசவில்லை. பின்வரிசையில் ஒரு போன் அடித்தது. யாரோ எழுந்து வெளியே போனார். ரெஷ்மாவின் கண் மேடை ஓரத்துக்கு ஓடியது, அப்பா வசனம் எடுத்துக்கொடுக்க உட்காரும் நாற்காலிக்கு. அதில் ஆளில்லை. நாற்காலிக்குப் பின்னால் யூனிஃபார்மோடு அம்மா நின்றாள்.

ஒற்றை அறை வீட்டில் ஒத்திகை நடந்த நாளெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு புரண்டவள் ஜெபகனி. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரியும். நாற்காலி முதுகை இறுகப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"மை இன்னும் காயல."

ரெஷ்மா நிமிர்ந்தாள். "மை இன்னும் காயல. யாரும் தொடாதீக. நாளைக்கு வாங்க, வாசிச்சுச் சொல்லுதேன்."

விஜின் திரையை இறக்கினான். கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரெஷ்மா ஓடி வந்தாள்.

"அம்மா, உங்களுக்கு டியூட்டி இல்லையா? அப்பா எங்க? நான் லைன் மறந்தத சொல்லிராதீங்க, ப்ளீஸ்."

"மொதல்ல மூஞ்சியக் கழுவு."

மகளின் தோளைப் பற்றிப் பின்னாலிருந்த குழாயடிக்குக் கூட்டிப் போனாள். குழாயைத் திறந்தாள். மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் கையைச் சுட்டது. ரெஷ்மா குனியப்போனாள். ஜெபகனி அவள் நெற்றியில் கைவைத்துத் தடுத்து, மற்றொரு கையைத் தண்ணீருக்கடியில் பிடித்தபடி, சூடு தணியட்டும் என்று நின்றாள்.